எருமைப்புல்லும் எங்க வியாசர்பாடியும்

போன வாரம் செய்யாறு பக்கத்துல இருந்து மச்சான் போன் பண்ணினார். நலம் விசாரிப்பெல்லாம் அரை நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. விஷயம் இதுதான். அவர் நிலத்துல ஏரிக்கரையை ஒட்டி அரை ஏக்கர் பள்ளம் இருக்கு. ஏரி கசிவு, வருஷத்துல ஆறு மாசம் சேறு. டிராக்டர் இறக்கினா சக்கரம் அச்சு வரைக்கும் புதைஞ்சுடும், அப்புறம் அதை இழுக்க இன்னொரு டிராக்டருக்கு வாடகை கொடுக்கணும். மாடோ மூணு இருக்கு. "உழாம, டிராக்டர் விடாம, அதுல தீவனப்புல் போட வழி இருக்கா? நீதான் எதையாவது நோண்டிப் படிச்சுக்கிட்டே இருப்பியே" என்றார்.

வியாசர்பாடியில் மூணாவது மாடியில் குடியிருக்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது? ஒரு துளசிச் செடியைக்கூட உருப்படியா வளர்த்ததில்லை நான். ஆனா போனை வெச்ச பிறகுதான் உறைச்சது. மெட்ராஸ்ல இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடமே எங்க ஏரியாதான். டிராக்டரும் இல்லாம, கலப்பையும் இல்லாம, சேற்றுக்குள்ள கையால செருகியே ஏக்கர் ஏக்கரா புல் வளர்த்த பூமி பக்கத்துலயே இருந்தது. கொடுங்கையூர் சாக்கடைப் பண்ணையைச் சொல்றேன்.

முகம் சுளிக்காம மேலே படிங்க.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க தெருவுக்கு ஒரு ஆயா எருமைப்பால் ஊத்துவாங்க. வீட்டு வாசலுக்கே எருமையை ஓட்டி வந்து கண்ணெதிர்ல கறந்து கொடுக்கிற வழக்கம் அப்ப இருந்தது. தலையில ஒரு பச்சைப் புல்லுக்கட்டு, அதுல இருந்து சொட்டுற தண்ணி முதுகு முழுக்க. "இன்னா ஆயா, இவ்ளோ ஈரம்?" என்றால், "தண்ணிப்புல்லு நைனா. இத்த போட்டாதான் எருமை கறக்கும், வைக்கோலைப் போட்டா மொறைக்கும்" என்பார். அந்த ஈரம் எங்கிருந்து வந்த ஈரம் என்று யோசிக்கிற வயசு அப்ப இல்லை. பால் கெட்டியா இருக்கும். அவ்வளவுதான் தெரியும்.

அந்தத் தண்ணிப்புல்லுக்கு நம்ம ஊர்ல எருமைப்புல் என்றும் பேர் உண்டு. விவசாயப் புத்தகங்கள்ல பாரா புல் என்று போட்டிருப்பாங்க. பாரா என்பது பிரேசில் நாட்டுல ஒரு மாநிலம். பேரு பிரேசிலோடதே தவிர புல் ஆப்பிரிக்காவோடது. அடிமைகளை ஏத்திக்கிட்டுப் போன கப்பல்கள்ல படுக்கைக்காகப் பரப்பின புல்லோடு சேர்ந்து அந்தக் கரைக்குப் போய் இறங்கினது என்று சொல்வாங்க. அங்கே சேற்றைப் பார்த்ததும் வேர் பிடிச்சு, அங்கிருந்து உலகம் பூரா சுத்தி, 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள இந்தியாவுக்கும் வந்துடுச்சு. மனுஷனை விலங்கு போட்டுக் கொண்டுபோன கப்பல்ல, டிக்கெட் இல்லாம போய் உலகத்தையே பிடிச்ச புல்.

சரி, மேட்டருக்கு வருவோம். மெட்ராஸ்ல புல் யாருக்கு வேணும்? இன்னிக்குப் பெட்ரோல் யாருக்கு வேணுமோ, அன்னிக்குப் புல் அவங்களுக்கெல்லாம் வேணும். ஜட்கா வண்டிக் குதிரை, துரைமார் கோச்சு வண்டிக் குதிரை, சரக்கு இழுக்கிற மாடு, ஊருக்குள்ளயே கட்டி வெச்சுக் கறக்கிற பசு, எருமை. வெள்ளைக்காரன் வீட்டுல ஒரு குதிரை இருந்தா அதுக்குக் குதிரைக்காரன் ஒருத்தர், புல்லறுக்க இன்னொருத்தர். ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் தொகுத்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதியில் இதைப் பத்தி ஒரு சுவாரசியமான குறிப்பு வருது. வட இந்தியாவில் புல்லறுப்பது ஆம்பளை வேலையாம், தென்னிந்தியாவில் குதிரைக்காரர் பெண்டாட்டிதான் அந்த வேலையைச் செய்வாராம். ஒரு குதிரையை வெச்சு ஒரு குடும்பத்தையே வேலை வாங்கியிருக்காங்க. அந்தப் பெண்கள் அறுத்ததுகூட இல்லை, பெரும்பாலும் தோண்டினதுதான். கையில சின்னக் களைக்கொட்டு மாதிரி ஒண்ணை வெச்சுக்கிட்டு அறுகம்புல்லை வேரோட பேர்த்து, மண்ணைத் தட்டி, அலசி, கட்டாக் கட்டிக் கொண்டு வரணும். வெயில் காலத்துல ஒரு குதிரைக்குப் புல் சேர்க்க எத்தனை மைல் நடந்திருப்பாங்களோ.

இதே காலத்துல இன்னொரு பக்கம் என்ன நடந்தது பாருங்க. 1861 முதல் 1866 வரை மெட்ராஸ் கவர்னரா இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். படிப்பால இன்ஜினியர், அதுக்கு முன்னாடி ஆஸ்திரேலியாவுல கவர்னர். நம்ம ஆளுங்க மாட்டைக் கட்டி மர ஏர்ல உழறதைப் பார்த்து மனுஷனுக்குப் பொறுக்கலை. இங்கிலாந்துல இருந்து நீராவிக் கலப்பை வரவழைச்சார்! கூடவே பரம்படிக்கிற கருவி, விதைக்கிற கருவி, கதிரடிக்கிற மெஷின் எல்லாம். இதையெல்லாம் ஓட்டிக் காட்ட 1865இல் சைதாப்பேட்டையில் 350 ஏக்கர்ல ஒரு பரிசோதனைப் பண்ணை. பின்னாடி அங்கேதான் விவசாயப் பள்ளிக்கூடம் வந்தது, அதுதான் 1906இல் கோயம்புத்தூருக்குப் போய் இன்னிக்கு வேளாண் பல்கலைக்கழகமா நிக்குது. அதனால டெனிசனை ஒரேயடியா கிண்டல் பண்ணவும் முடியாது. ஆனா நீராவிக் கலப்பை நம்ம ஊர் மாட்டு ஏரை விரட்டலை. நிலம் துண்டு துண்டா இருக்கு, நடுவுல வரப்பு, நஞ்சை என்றால் முழங்கால் சேறு. மச்சானோட டிராக்டர் பிரச்சனைதான், 160 வருஷம் முன்னாடி!

சைதாப்பேட்டையில் கலப்பை புகை விட்டுக்கிட்டு இருந்த அதே 1865இல்தான் கேப்டன் ஹெக்டர் டல்லக் என்ற இன்ஜினியர் மெட்ராஸ் வடிகாலுக்கு ஒரு திட்ட அறிக்கை எழுதினார். அந்தக் காலத்து வடிகால் இன்ஜினியர்கள் எல்லாருக்கும் தலையில ஒரே கனவு. கழிவைக் கடல்ல விடாதே, வயல்ல விடு. ஐரோப்பாவே அப்படித்தான் பேசிக்கிட்டு இருந்தது. விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட 'லே மிஸரபிள்' நாவல்ல கதையை அப்படியே நிறுத்திட்டு, பாரீஸ் தன் சாக்கடையில எவ்வளவு காசைக் கொட்டுது என்று ஒரு முழு அத்தியாயம் புலம்புவார். பெர்லின், பாரீஸ் எல்லாம் பெரிய பெரிய சாக்கடைப் பண்ணை போட்டன.

எல்லாத்துக்கும் முன்னோடி ஸ்காட்லாந்தின் எடின்பரோ. ஊர்க் கழிவெல்லாம் ஒரு ஓடையில சேரும். அதுக்குப் பேரே 'நாத்த ஓடை'. அந்த ஓடையை ஊருக்கும் கடலுக்கும் நடுவுல க்ரெய்கன்டினி என்ற இடத்துல மணல் பூமியில திருப்பி விட்டாங்க. எதுக்கும் உதவாத நிலத்துல புல் அப்படி வளர்ந்தது, வருஷத்துக்கு நாலஞ்சு அறுப்பு. ஒவ்வொரு வருஷமும் பாத்தி பாத்தியா ஏலம் விடுவாங்க. ஊருக்குள்ள மாடு வெச்சுக் கறக்கிறவங்கதான் எடுப்பாங்க. ஊர் சாப்பிடும், கழிவு புல்லாகும், புல் பாலாகும், பால் திரும்ப ஊருக்கு. ஹோலிரூட் அரண்மனைக்குப் பக்கத்துல நாத்தம் தாங்கலை என்று புகார்கூடப் போச்சு. 1842இல் சாட்விக் எழுதின புகழ்பெற்ற சுகாதார அறிக்கையிலும் இந்தப் புல்வெளி வருது. நாத்தம் இருந்தாலும் வருமானம் இருக்கே என்பதுதான் அன்றைய வாதம்.

மெட்ராஸ் என்ன பண்ணிச்சு? திட்டம் போட்டுப் போட்டே பல வருஷம் ஓடி, 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துலதான் பாதாளச் சாக்கடை ஒழுங்கா வந்தது. பம்ப் பண்ணின கழிவு முதல்ல வடக்கே காசிமேட்டுப் பக்கம் கடலுக்குத்தான் போச்சு. பின்னாடி வடசென்னைக் கழிவு கொடுங்கையூருக்குத் திரும்பினது. வியாசர்பாடியைத் தாண்டி எருக்கஞ்சேரி வழியா மேலே போனா கொடுங்கையூர். இங்கே தரையே பள்ளம். ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய் எல்லாம் இந்தப் பக்கமா வந்துதான் பக்கிங்காம் கால்வாயைத் தேடிப் போகும். (எங்க கணேசபுரம் சுரங்கப்பாதை ஏன் ஒரு மழைக்கே ஸ்விம்மிங்பூல் ஆச்சு என்பதற்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா?) ஊரோட கழிவைக் கொண்டுவந்து கொட்டுறதுக்கு ஏன் தி.நகரையோ அடையாரையோ தேர்ந்தெடுக்காம எங்க பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாங்க என்று கேட்டா, பள்ளம் என்பதுதான் கிடைக்கிற பதில். பள்ளத்துல யார் குடியிருந்தாங்க என்பதையும் சேர்த்துக் கேட்கணும் இல்லையா. மில் தொழிலாளி, துறைமுகத்துல மூட்டை தூக்கினவர், ஊரைக் கூட்டிப் பெருக்கினவர். புகார் கொடுக்க இங்கே அரண்மனை எதுவும் இல்லை.

இப்ப மச்சான் கேள்விக்கான பதில். அந்தப் பண்ணையில் புல் போட்ட முறை ரொம்ப சிம்பிள். எருமைப்புல்லுக்கு விதை சரியாப் பிடிக்காது, பிடிச்சாலும் முளைப்பு மோசம். அதனால தண்டுதான் விதை. முத்தின தண்டை மூணு கணு இருக்கிற மாதிரி நறுக்கி, ரெண்டு கணு சேற்றுக்குள்ள போற மாதிரி சாய்வாச் செருகணும். அவ்வளவுதான். உழவு, பரம்பு எதுவும் வேணாம். செருகக்கூட நேரம் இல்லையா? தண்டை அப்படியே சேற்று மேல வீசிட்டு நாலு எருமையை உள்ளே விட்டு மிதிக்க வைக்கலாம். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். தண்டு உள்ளே குழலா இருக்கும், அதனால தண்ணி தேங்கினாலும் அழுகாது. முதல் அறுப்பு ரெண்டரை மாசத்துல, அப்புறம் நாப்பது நாப்பத்தஞ்சு நாளுக்கு ஒரு தடவை. சாதாரணத் தண்ணியிலேயே ஒரு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 80 முதல் 100 டன் வரைக்கும் பச்சைத் தீவனம் கிடைக்கும் என்பது வேளாண் துறைக் கணக்கு. சாக்கடைத் தண்ணியில தழைச்சத்து தானா வருது, யூரியா செலவுகூட இல்லை. வாய்க்கால் வெட்டி, பாத்தி கட்டி, ஒரு பாத்தியில விட்டுட்டு அடுத்த பாத்திக்கு மடை திருப்பணும். ஒரே பாத்தியில விட்டுக்கிட்டே இருந்தா மண்ணுக்கு மூச்சு முட்டிடும், புல் மஞ்சளாகிடும். டெனிசன் கப்பல்ல கொண்டுவந்த மெஷின் எதுவும் செய்யாததை ஒரு அரிவாளும் மண்வெட்டியும் செஞ்சுது.

மதுரைக்காரங்களுக்கு இது புதுசா இருக்காது. அவனியாபுரத்துல இதே மாதிரி சாக்கடைப் புல் பண்ணை ரொம்ப காலமா பேர் பெற்றது. ஹைதராபாத்ல மூசி ஆத்தங்கரை பூரா இதே புல்தான். நகரத்துக் கழிவு கலந்து வர்ற ஆத்துத் தண்ணியில புல் வளர்த்து, அறுத்துக் கட்டி, எருமை வெச்சிருக்கிறவங்களுக்கு விக்கிறது அங்கே ஒரு தனித் தொழிலாவே ஆய்வாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க.

ஆனா இந்தக் கதையில என்னை உறுத்துறது புல் இல்லை. கால்.

எருமைப்புல்லை அறுக்கணும் என்றா சேற்றுக்குள்ள இறங்கணும். செருப்போட இறங்க முடியாது, சேறு பிடுங்கிக்கும். வெறுங்காலோட, சுத்திகரிக்காத சாக்கடையில நின்னு, குனிஞ்சு அறுக்கணும். கொக்கிப்புழு என்று ஒண்ணு இருக்கு. பெரும்பாலும் வாய் வழியா வராது, பாதத்துத் தோலைத் துளைச்சுக்கிட்டு உள்ளே போகும். குடல்ல உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். 1970களின் தொடக்கத்துல நாக்பூர் 'நீரி' விஞ்ஞானிகள் நாட்டின் பல சாக்கடைப் பண்ணைகள்ல வேலை செய்யறவங்களைப் பரிசோதிச்சாங்க. பத்துக்கு ஏழு பேர்கிட்ட கொக்கிப்புழு. சாதாரணத் தண்ணியில விவசாயம் செய்யறவங்ககிட்ட பத்துக்கு மூணு பேருக்குத்தான். உருண்டைப் புழு கணக்கும் இதே மாதிரி பல மடங்கு. கம்பூட்ஸ் போட்டிருந்தாலே பாதி தடுத்திருக்கலாம்.

ஆயா எப்பவும் சோகையாத்தான் இருப்பாங்க. கண்ணு வெளுத்து, பேசும்போதே மூச்சு வாங்கும். "வயசாச்சு நைனா" என்பார். இப்ப கணக்குப் போட்டா அப்ப அவங்களுக்கு ஐம்பதுகூட ஆகியிருக்காது. அவங்களுக்குப் புழு இருந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும், நான் டாக்டர் இல்லை. ஆனா அந்த ஆய்வு விவரத்தைப் படிச்ச அன்னிக்கு நான் குடிச்ச பாலோட கெட்டித்தன்மை ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பாலுக்கு ஆபத்து இல்லையா என்று கேட்பீங்க. காய்ச்சித்தான் குடிச்சோம், கிருமி போயிடும். வீட்டுக் கழிவு மட்டும் வந்த காலத்துல அது ஓரளவு சரி. தோல் தொழிற்சாலை, சாயம், முலாம் பூசுற பட்டறை எல்லாம் அதே குழாய்ல விட ஆரம்பிச்ச பிறகு கதை வேற. குரோமியமும் ஈயமும் காய்ச்சினா போகாது. வடசென்னையில எந்தத் தண்ணியில எது கலக்குது என்று தனியாச் சொல்ல வேணாம்.

பண்ணை எப்படிப் போச்சு? ஒரே நாள்ல போகலை. 1960கள்ல மாதவரம் பால் பண்ணை வந்தது. வெளியூர்ப் பாலைக் குளிர வெச்சுக் கொண்டுவந்து பாட்டில்ல, அப்புறம் பாக்கெட்ல கொடுத்தாங்க. ஊருக்குள்ள மாடு கட்டுறவங்க குறைய ஆரம்பிச்சாங்க. பாக்கெட் பால் ஜெயிச்சதுல எனக்கு வருத்தம் இல்லை, அதுல ஆயாவோட எருமை தோத்ததுலதான் வருத்தம். 1978இல் குடிநீர் வாரியம் தனியா வந்தது. 1991இல் கொடுங்கையூர்ல நாளுக்கு 80 எம்.எல்.டி., அதாவது 8 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற நிலையம், 2006இல் இன்னொண்ணு, அது 11 கோடி லிட்டர். பக்கத்துலயே குப்பை மலை வேற. குப்பை எரியும்போது எங்க வீட்டு ஜன்னலை மூடி வெச்சுத்தான் தூங்கியிருக்கோம்.

தண்ணிக்கு இப்ப புது கிராக்கி. மணலியில் இருக்கிற சுத்திகரிப்பு ஆலையும் உரக் கம்பெனியும் 1990கள்லயே இந்தத் தண்ணியை வாங்கித் தாங்களே மேலும் சுத்தம் பண்ணிப் பயன்படுத்த ஆரம்பிச்சுட்டாங்க. 2019இல் கொடுங்கையூர்லயே சவ்வு வெச்சு வடிகட்டுற நிலையம் வந்துடுச்சு, நாளுக்கு 4.5 கோடி லிட்டர், குழாய் போட்டு மணலித் தொழிற்சாலைகளுக்குப் போகுது. நல்ல விஷயம், அவ்வளவு குடிதண்ணி மிச்சம். முன்னாடி ஊர்க்கழிவுல இருந்த தழைச்சத்தைப் புல் எடுத்துக்கிச்சு, யூரியா மூட்டையே இல்லாம. இப்ப அதே தண்ணி உரக் கம்பெனிக்குப் போகுது, அங்கே யூரியா தயாராகுது. இதுக்குச் சிரிக்கிறதா என்ன பண்றதுன்னு தெரியலை :-)

புல் மட்டும் போகலை. பண்ணையை விட்டு வெளியே வந்துடுச்சு. கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்துல நின்னு பாருங்க, ஆகாயத்தாமரை இல்லாத இடத்துல ஓரமா கரும்பச்சையில அடர்த்தியா ஒண்ணு தண்ணி மேல படர்ந்திருக்கும். பாதி இடத்துல இதுதான். யாரும் நடலை. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி பொக்லைன் விட்டு வாரிக் கரையில போடறாங்க. அதுல ஒரு கணு தண்ணிக்குள்ள விழுந்தா போதும், அடுத்த வருஷத்துக்கு ரெடி. ஆஸ்திரேலியாவில் தீவனத்துக்காக ஆசையா நட்டு, இப்ப ககாடு தேசியப் பூங்காவின் சதுப்பு நிலத்தை இது விழுங்குது என்று மருந்தடிச்சுக்கிட்டு இருக்காங்க. உழாம முளைக்கிற புல்லை உழுதாலும் அழிக்க முடியாது. வெட்டின ஒவ்வொரு துண்டும் நாத்துதான்.

நம்ம ஊர்லயே உழாம விதைக்கிற நல்ல பழக்கம் வேற இருக்கு, அதையும் சொல்லிடறேன். தஞ்சாவூர்ப் பக்கம் தாளடி நெல் அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிக்கிற பயிருக்குள்ள ஈரத்துல உளுந்தோ பச்சைப்பயறோ வீசிடுவாங்க. அறுவடை முடிஞ்சு ஆள் வெளியே வரும்போது முளை வெளியே தெரியும். தீவனத்துக்கு நரிப்பயறையும் இப்படிப் போடலாம். கொங்குப் பக்கம் கொறங்காடு என்று கிளுவை வேலி போட்டு, நடுவுல வெள்வேல் மரம் விட்டு வெச்சிருப்பாங்க. கொழுக்கட்டைப்புல் தானே விதை கொட்டி, அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். காங்கேயம் மாடு வளர்ந்தது அந்தக் காட்டுலதான். வருஷா வருஷம் உழுற வேலை கிடையாது.

மச்சானுக்கு இதையெல்லாம் முக்கால் மணி நேரம் போன்ல சொன்னேன். ஏரிக்கசிவுல சாக்கடை கலக்கலை, மழைத் தண்ணிதான், அதனால தண்ணிப்புல் தாராளமாப் போடலாம், ஐப்பசி மழைக்கு முன்னாடி செருகிடுங்க, உள்ளே இறங்கும்போது கம்பூட்ஸ் போட்டுக்கோங்க என்றேன். மேட்டுப் பக்கத்துல முயல் மசால் விதையைத் தூவச் சொன்னேன். விதையோட தோல் கெட்டி, அதனால சூடான தண்ணியில நாலு நிமிஷம் போட்டு எடுத்துட்டுத் தூவணும். ஏரி வாய்க்காலுக்கும் புல்லுக்கும் நடுவுல ரெண்டடி அகலத்துக்கு ஒரு துண்டு காலியா விட்டு, அதைத் தாண்டி வர்ற கொடியை வாரா வாரம் அறுத்து மாட்டுக்கே போட்டுடணும் என்று ரெண்டு தடவை சொன்னேன்.

"எல்லாம் சரி, நாத்துத் தண்டு எங்கே கிடைக்கும்?" என்றார்.

கால்வாய் ஓரத்துல இருந்து ஒரு சாக்கு அறுத்து பஸ்ல போட்டு அனுப்பலாமா என்று ஒரு நிமிஷம் யோசிச்சேன். வேணாம் என்று தோணிச்சு. காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துல கேட்டுப் பாருங்க என்று சொல்லிட்டேன்.